புளியந்தீவிலிருந்து ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

லண்டனில் நம் மெதடிஸ்த சபையைத் தொடங்கிய வெஸ்லி கட்டிய சேர்ச்சைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. 1778இல் திறந்ததாம், என்ன துப்புரவு! "அப்பா, இதுக்கு முன்னால நம்ம சேர்ச் கொட்டில்" என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் சுட்டது. கொட்டில்தான், சரி.

ஆனால் மகள், மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்தபோது இங்கே மட்டக்களப்பில் அந்தக் கொட்டிலும் இல்லை. 1813 கடைசியில் மிஷனரிக் குழுவின் தலைவர் தோமஸ் கோக்கோடு இங்கிலாந்தில் கப்பலேறிய வாலிபர்களில் அவரும் ஒருவர். மனைவி நடுக்கடலில் போய்விட்டார். மே மாதம் கோக்கும் கப்பலிலேயே இறந்தார். தலைவரே இல்லாமல் ஐந்து பேர் 1814 ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் போனார்கள். மட்டக்களப்புக்கு ஓல்ட் மட்டும், தனியாக.

வந்தவர் செய்தது பள்ளிக்கூடம் தொடங்கியதுதான். நம் மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த 1814இலிருந்துதான் எண்ணுகிறது. அடுத்த ஏப்ரல் முதலாம் திகதி நோயில் இறந்தார். ஒரு வருசம்கூட இருக்கவில்லை. வாவிக்கரையில் நிற்கும் அவர் சிலைக்குக் கீழேதான் நீ ஐஸ்பழம் குடித்துக்கொண்டு நிற்பாய்.

மன்னார்குடியில் இருக்கும் உன் பெரியப்பா வீட்டார் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையோடு கலந்துவிட்டார்கள். நாங்கள் இன்னும் மெதடிஸ்தர்தான். 1964இல் சபையை நடத்த இலங்கைக்கென்று தனி மாநாடும் வந்துவிட்டது. பெரியப்பா இதைச் சொல்லி என்னைச் சீண்டாத நத்தார் இல்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் வாங்குகளுக்கு வார்னிஷ் அடித்தோம். இரண்டாம் வரிசையில் நீ கவராயத்தால் கீறிய எழுத்தைத் தேய்த்துவிட வேண்டாம் என்று வேலைக்கு வந்த பொடியனிடம் சொல்லி வைத்தேன். அவன் சிரித்துவிட்டு அதன் மேலேயே இரண்டு பூச்சுப் பூசிவிட்டான். நேராகப் பார்த்தால் தெரியாது. காலை ஆராதனையில் கிழக்குச் சன்னல் வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் தெரிகிறது. அன்றைக்குப் பிரசங்கம் என்ன என்று அம்மா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேற்குப் பக்கத்து ஓடு மாரிக்கு முன் மாற்ற வேண்டும். போன வருசம் கொயர்காரர் வாளி வைத்துக்கொண்டு பாடினார்கள். காசு அனுப்பச் சொல்லவில்லை. அனுப்பினால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். அந்த லண்டன் சேர்ச்சின் கூரைக்குள்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. மேசனுக்குக் காட்ட வேண்டும்.

அப்பா