சதோஷி ஜப்பானியர்தானா?

ஆசிரியருக்கு வணக்கம். பிட்காயின் என்ற மின்னணு நாணயம் பற்றிய உங்கள் கட்டுரையில் 'ஜப்பானியர் சதோஷி நகமோட்டோ உருவாக்கியது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது வெறும் புனைபெயர்தானே! பின்னால் இருந்தது ஆணா, பெண்ணா, ஒரு குழுவா என்பதே இன்றுவரை நிரூபணமாகவில்லை. எழுத்தில் பிரிட்டிஷ் ஆங்கில வாடை வேறு அடிக்கும்.

2008 அக்டோபர் 31-ல் பிட்காயினை விளக்கி அந்தப் பெயரில் வந்த 9 பக்க அறிக்கைதான் தொடக்கம். அதுவும் வானத்திலிருந்து குதித்ததல்ல, 1997-ல் ஆடம் பேக் தேவையற்ற மின்னஞ்சலைத் தடுக்க முன்வைத்த ஹாஷ்கேஷ் என்ற கணக்கீட்டு முறை, மறுவருடம் வெய் டாய் எழுதிய பி-மணி என்ற மின்னணுப் பண யோசனை இரண்டையும் அறிக்கையே மேற்கோள் காட்டுகிறது. 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கில் (பிட்காயின் பரிமாற்றப் பதிவேட்டின் முதல் தொகுப்பில்), வங்கிகளுக்கு இரண்டாம் முறையாக மீட்பு நிதி தரும் கட்டத்தில் பிரிட்டன் நிதியமைச்சர் இருக்கிறார் என்ற அன்றைய லண்டன் டைம்ஸ் தலைப்பைச் சதோஷி பொதித்து வைத்திருக்கிறார். தேதிக்குச் சாட்சியும் ஆச்சு, வங்கிகளுக்கு ஒரு குத்தலும் ஆச்சு. அந்த பிளாக்குக்குப் பரிசாகக் கிடைத்த 50 பிட்காயினை யாராலும் செலவழிக்க முடியாது என்பது தனி வேடிக்கை.

சில நாளில் ஹால் ஃபின்னி என்ற நிரலாளருக்கு 10 பிட்காயின் அனுப்பினார், அதுதான் முதல் பரிமாற்றம். அப்புறம் 2011-ல் 'வேறு வேலைகளுக்குப் போய்விட்டேன்' என்ற பொருளில் சக நிரலாளருக்கு எழுதிவிட்டு ஆள் மறைந்துவிட்டார்.

நான்தான் சதோஷி என்று சொல்லிவந்த கிரெய்க் ரைட் என்ற ஆஸ்திரேலியர் அவர் இல்லை என்று 2024 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையாவது கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

- ஒரு வாசகர்