பெட்டியில் இருக்கிற பெண்ணின் விரல்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய தேயிலைப் பெட்டியின் மாதிரியைப் பார்த்தோம். அம்மாவுக்கு நிறம் ரொம்பப் பிடித்திருக்கிறது. எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது, அதைப் போனில் சரியாகச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

பெட்டிப் படத்தில் கொழுந்து எடுக்கிற அந்தப் பெண்ணின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரலில் ஒரு கறை இல்லை. உன் அப்பாயிக்குப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு இருந்தது. இடுப்பில் சுற்றிக் கட்டிய சாக்குப் படங்கு, காலில் அட்டைக் கடி. உன் பெட்டியில் அதெல்லாம் எங்கே?

படிக்கிற காலத்தில் லீவுக்கு வந்தபோது பியர்ஸ் என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொன்னாயே, ஒரு குறி பொருளைப் போலவே இருக்கலாம், அந்தப் பொருள் விட்டுப்போன தடமாக இருக்கலாம், இல்லை நாலு பேர் ஒத்துக்கொண்டதால் மட்டும் அர்த்தம் தரலாம் என்று. உன் பெட்டியிலேயே மூன்றும் இருக்கின்றன. சிங்கச் சின்னம் மூன்றாவது ரகம். சிங்கத்துக்கும் தேயிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, இங்கே விளைந்து இங்கேயே பொதி செய்த தேயிலைக்குத்தான் அது என்று இலங்கைத் தேயிலைச் சபை வைத்த ஏற்பாடு. அந்தப் பெண்ணின் படம் முதல் ரகம், ஆனால் இரண்டாவதும்கூட, ஏனென்றால் அவள் மேல் பட்ட வெளிச்சம்தான் கேமராவுக்குள் போயிருக்கிறது. எனக்குப் பயம் அங்கேதான். ஒருத்தி ஒரு நிமிஷம் அப்படி நின்றாள் என்பதற்குத்தான் படம் சாட்சி, வாங்குகிறவரோ அவள் தினமும் அப்படித்தான் நிற்கிறாள் என்று எடுத்துக்கொள்வார். அப்பாயியின் கறை வேறு, அது கேமரா இல்லாமல் தேயிலையே அவர் கையில் எழுதியது.

பொகவந்தலாவையில் அந்தப் பழைய கிறிஸ்தவக் கோயிலில் ஒரு கல்லறையைக் காட்டினேன் இல்லையா, ஜூலியா மார்கரெட் கேமரன். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இறந்தவர், பெரிய புகைப்படக்காரர். இந்த நாட்டுச் சாதாரண சனங்களைத் தன் மனதில் இருந்த சித்திரத்துக்கு ஏற்ற மாதிரி நிற்க வைத்து எடுத்தார். அந்த முகங்கள் இன்னும் நம்மைப் பார்க்கின்றன, ஆனால் பல படங்களில் அவர்களுடைய பெயர் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

சரி, படம் எடுக்க ஆள் வரும்போது நம் மலைக்குக் கூட்டி வா. சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரத்தில், கை தெரிகிற மாதிரி எடுங்கள். பெயரைக் கேட்டு எழுதிக்கொள். அப்பாயியின் படம் என்று நம்மிடம் இருப்பது அடையாள அட்டையில் இருக்கிற ஒன்றுதான், அதில் கை தெரியாது.

அன்புடன்
அப்பா