வீடமைப்பு நிறுவனங்களின் சேமநிதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் இலாபநோக்கற்ற வீடமைப்பு நிறுவனங்கள் தமது வருடாந்தக் கணக்கறிக்கையில் வங்கி மீதியை மட்டும் காட்டுவது போதாது. குறித்த வீடுகளுக்கெனக் கொடையாளர் தந்த பணம் வேறு, நெருக்கடிக்கென ஒதுக்கிவைக்கும் சேமநிதி வேறு. இரண்டையும் கூட்டிக் காட்டினால் சேமநிதியே இல்லாத நிறுவனமும் வசதியானதாகத் தோன்றும். 2022 இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்து சீமெந்தும் கம்பியும் விலையேறியபோது, எங்கள் கிராமத்தில் வீடுகள் கூரையின்றி நின்றன. போருக்குப் பின் இந்திய அரசு நிதியளித்த வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபாயைப் பகுதி பகுதியாகப் பெற்றுக் கட்டிய எங்களுக்கு, இடையில் பணம் நின்றால் என்னவாகும் என்பது நன்றாகவே தெரியும். சேமநிதி வைப்பதை ஏழைகளின் பணத்தைப் பதுக்குவதாகச் சிலர் குறைகூறுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் அது எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்பதைக் கணக்காய்வாளர் அறிக்கையுடன் தமிழில் அச்சிட்டு, கிராம அபிவிருத்திச் சங்க அறிவித்தல் பலகையில் ஒட்டவேண்டும்.

வாசகர்,
கிளிநொச்சி.