எழுத்து வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இணையத்தில் கிடைப்பதை வைத்து நம் எழுத்தை மேம்படுத்த முடியுமா என்று ஓராண்டு முயன்று பார்க்கச் சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே இந்த அறிக்கை பெரும்பாலும் அந்த முயற்சியைப் பற்றியதுதான்.

தொடக்கம் சரியாக அமையவில்லை. கதை எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகளைத் தேடித் தேடிப் பார்த்தோம், கூட்டத்திலும் அவற்றைப் பற்றியே பேசினோம். எழுதி வந்தவர் யாருமில்லை. அப்புறம்தான் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: முதல் வரைவு முடியும்வரை எதையும் தேடுவதில்லை. சந்தேகம் வரும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே எழுத வேண்டும். தேடலெல்லாம் திருத்தும்போதுதான்.

அதன் பிறகு அகராதி உண்மையாகவே துணைக்கு வந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஓர் உறுப்பினரின் சரித்திரக் கதையில் அரசி ‘பூவின் நாற்றம்’ என்கிறாள். கேட்டதும் பலர் முகம் சுளித்தோம். தேடிப் பார்த்தால் நறுமணம் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு, பழைய பாடல்களில் அப்படி வருகிறது. எழுதியவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் இன்றைய வாசகர் தடுக்கி விழுவாரே? அன்று கூட்டம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசினோம். கடைசியில் அவர் சொல்லை மாற்றவில்லை. அதற்கு முன்னால், அரசி குனிந்து பூவை முகர்ந்து கண்ணை மூடிக்கொள்வதாக ஒரு வரி சேர்த்தார். இந்த ஆண்டின் மிக நல்ல கூட்டம் அதுதான் என்பேன்.

தன்னார்வலர்கள் 1998 முதல் பழைய நூல்களை மின்னுரையாக்கித் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து மாதம் ஒரு பகுதி எடுத்து வாசித்தோம்.

கதைகளைக் கூகுள் டாக்ஸில் பகிர்ந்து, ஓரத்தில் கருத்து எழுதினோம். பிறர் வாக்கியத்தை மாற்றி எழுதக் கூடாது, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று மட்டும் சொல்லலாம். பழைய வடிவங்களையும் அங்கே திரும்பப் பார்க்க முடிவதால், வெட்டியெறிந்த தொடக்கமே நன்றாக இருந்தது என்று கண்டு மீட்டெடுத்தவர்களும் உண்டு. கைபேசியின் உரக்க வாசிக்கும் வசதி இன்னொரு நல்ல ஆசான். உணர்ச்சியில்லாத அந்தக் குரலில் கேட்கும்போது, நீண்டு போன வாக்கியமும் செயற்கையான உரையாடலும் உடனே காதில் உறுத்துகின்றன.

ஒரு மாதத்தில் 50,000 சொற்கள் எழுதும் நானோரைமோ இயக்கம் 1999இல் தொடங்கியது. அதை நடத்திய அமைப்பு 2025இல் மூடப்படுவதாக அறிவித்தாலும், அந்த முறையை நாம் எடுத்துக்கொண்டோம். நாளொன்றுக்கு 1,667 சொற்கள் நமக்குக் கட்டுப்படியாகாது என்பதால் 300 என்று வைத்தோம்.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. நம் உறுப்பினர் ஒருவர் தம் கதையைப் பொதுத்தளத்தில் போட்டுவிட்டு, பிறகு ஓர் இதழுக்கு அனுப்பினார். ஏற்கெனவே வெளியானது என்று திருப்பிவிட்டார்கள். பல இதழ்களிலும் போட்டிகளிலும் இந்த விதி இருப்பதை முன்பே அவருக்குச் சொல்லாதது என் தவறு. இனி விதிமுறைகளைப் படித்த பிறகே எதையும் பொதுவில் இடுங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி நமக்குள் ஒருமித்த கருத்து வரவில்லை. சோதனைக்காக எழுதச் சொன்ன காட்சியில் பாட்டியும் பேத்தியும் ஒரே மாதிரி பேசினார்கள். தகவல் கேட்கலாம், வாக்கியத்தை வாங்கக் கூடாது என்பது என் கருத்து. அதை இன்று விவாதத்துக்கு வைக்கிறேன்.

ஓரக் குறிப்புகளைப் பொறுமையாக எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி கூறி, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்