சாப்பாடு குடுத்தாச்சு, விளையாட நேரமும் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலை உணவுத் திட்டத்தை பத்தி உங்க பேப்பர்ல வர்ற செய்தியெல்லாம் விடாம படிச்சிட்டு வர்றேன். 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல திருக்குவளையில வச்சு எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் கொண்டு வந்தாங்க, அப்புறம் உதவி பெறும் பள்ளி வரைக்கும் வந்துருச்சு. விடியக்காலையில வேலைக்கு கிளம்புற அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு சொல்லி மாளாது. காலையில சாம்பாரோட பொங்கலோ கிச்சடியோ, மதியம் முட்டையோட சாப்பாடு, இதுக்கு மேல என்ன வேணும்னு என் மாமியார் சொல்றாங்க. வேணும்னுதான் இந்த லெட்டர் எழுதுறேன்.

என் பொண்ணு மூணாவது படிக்கிறா. டைம்டேபிள்ல விளையாட்டுன்னு போட்டுருக்கு, ஆனா அந்த நேரத்துல என்ன பண்ணீங்கன்னு கேட்டா பாதி நாள் "கணக்கு போட்டோம்மா"ன்னுதான் சொல்றா. டீச்சர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொடக்கப் பள்ளியில பி.டி. சார்னு தனியா ஒருத்தர் கிடையாது, 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்ங்கறதுதான் சட்டத்துல உள்ள கணக்கு, அந்த ரெண்டு பேரும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் பாடம் எடுக்கணும், எமிஸ்ங்கற பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல எல்லாத்தையும் ஏத்தணும், இதுக்கு நடுவுல முடிக்காத பாடத்துக்கு எந்த பீரியட் கைக்கு கிடைக்குதோ அதைத்தான் எடுப்பாங்க. பி.டி. பீரியடை கடன் வாங்காதீங்கன்னு மேல இருக்கறவங்க மேடையில சொல்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அந்த பீரியடை பாத்துக்க ஆளே இல்லாத பள்ளிக்கூடத்துக்கு அந்த பேச்சு மட்டும் போதுமா சொல்லுங்க.

5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்குற மாதிரி ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம பிள்ளைங்களுக்கு அது எங்க கிடைக்குது? நாங்க சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்ததும் பையை தூக்கி எறிஞ்சிட்டு கிளித்தட்டு, நொண்டி, கல்லா மண்ணான்னு இருட்டுற வரைக்கும் தெருவுலதான் கிடப்போம். இப்போ அந்த தெருவுல நிமிஷத்துக்கு நாலு பைக் போகுது, அதுக்கு பயந்து நாமளே கையில போனை குடுத்து உக்கார வச்சிடுறோம், அப்போ மீதி இருக்கற இடம் பள்ளிக்கூடம் மட்டும்தான்.

வெளி வெளிச்சத்துல இருக்கறது பிள்ளைங்க கண்ணுக்கும் நல்லதுங்கற விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, அதை கொஞ்சம் சொல்லிடறேன். சீனாவுல குவாங்சோ நகரத்துல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களை வச்சு மூணு வருஷம் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. பாதி ஸ்கூல்ல தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டாங்க, மீதி ஸ்கூல் எப்பவும் போல. எப்பவும் போல இருந்த ஸ்கூல்ல 100க்கு கிட்டத்தட்ட 40 பிள்ளைங்களுக்கு கிட்டப்பார்வை, அதாவது தூரத்துல இருக்கறது மங்கலா தெரியற குறை, வந்துச்சு, வெளிய விட்ட ஸ்கூல்ல அது 30 சொச்சம்தான். 2015ல வந்த முடிவு இது. தைவான்ல 2010ல இருந்தே பிள்ளைங்க தினமும் 120 நிமிஷம் வெளிய இருக்கணும்னு பள்ளிக்கூடம் மூலமாவே திட்டம் போட்டு நடத்துறாங்க. இதுக்கு உச்சி வெயில்ல நிக்க வேண்டியதில்ல, மரத்தடி நிழல்ல இருக்கற வெளிச்சமே கிளாஸ் ரூமை விட பல மடங்கு அதிகம். வேப்ப மரமோ புங்க மரமோ ஒண்ணாவது இல்லாத அரசுப் பள்ளி நம்ம பக்கம் ரொம்ப குறைவு.

கிரவுண்டு இல்ல, சாமான் இல்ல, மாஸ்டர் இல்லன்னு சொல்வாங்க. ஸ்காட்லாந்துல ஸ்டிர்லிங்ங்கற ஊர்ல ஒரு பிரைமரி ஸ்கூல், அங்க தலைமை ஆசிரியையா இருந்த எலைன் வைலி 2012ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க. தினமும் 15 நிமிஷம், யூனிஃபார்மை கூட மாத்தாம, அவங்கவங்களால முடிஞ்ச வேகத்துல பிள்ளைங்க வெளிய ஓடுறது இல்லன்னா நடக்கறது, அவ்வளவுதான். போட்டி கிடையாது, பரிசு கிடையாது, செலவும் கிடையாது. டெய்லி மைல்னு பேர் வச்சு இப்போ எத்தனையோ நாட்டு பள்ளிக்கூடத்துல நடக்குது. நம்ம ஊர்ல காம்பவுண்டை சுத்தி ஓட விட்டாலே போதும், வெயில் காலமா இருந்தா சாயங்காலம் கடைசி அரை மணி நேரத்துல வச்சுக்கலாம், காலை டிபன் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம்.

ஆனா ஒரு விஷயம் மாறணும். இன்னைக்கு ஓட்டம்ங்கறது பல ஸ்கூல்ல தண்டனை. ஹோம்வொர்க் எழுதாதவன் கிரவுண்டை சுத்தி ஓடு, சத்தம் போட்டவன் விளையாட போகாம உள்ள உக்காருன்னு சொல்றாங்க. இப்படி வளர்ற பிள்ளைக்கு ஓடறது பிடிக்குமா? நாலாவது அஞ்சாவது வந்ததும் பையன்க பந்தை எடுத்துட்டு கிரவுண்டை முழுசா பிடிச்சுக்கறாங்க, பொண்ணுங்க ஓரமா உக்காந்து பேசிட்டு இருக்காங்க, அதை யாரும் கண்டுக்கறதும் இல்ல. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கறது இதுதான்.

வாசல் கடையை பத்தியும் ஒரு வார்த்தை. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டத்தை பள்ளிக்கூடத்துல இருந்து 50 மீட்டருக்குள்ள விக்கக்கூடாதுன்னு 2020லயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருக்கு, ஆனா கேட்டை தாண்டுனா அஞ்சு ரூவா பாக்கெட் சரம் சரமா தொங்குது. கடைக்காரரும் நம்ம ஊர்க்காரர்தான், அவர் பொழப்பை கெடுக்க வேண்டாம், கடலை மிட்டாய், கொய்யாக்கா, வேர்க்கடலை விக்க சொல்லி பெத்தவங்க நாமளே கேட்டு பாக்கலாம்.

பள்ளிக்கல்வித் துறைகிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. காலை உணவுக்கு நேரம் ஒதுக்குன மாதிரி, ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும் தினமும் அரை மணி நேரம் எல்லா பிள்ளைங்களும் வெளிய இருக்கணும், பாடத்துக்கோ தண்டனைக்கோ அதை தொடக்கூடாதுன்னு எழுத்துல ஒரு உத்தரவு போடுங்க. பாத்துக்க ஆள் வேணும்னா அம்மாக்கள் நாங்க முறை வச்சு வர்றோம். நான் பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கேன், அடுத்த கூட்டத்துல இதை தீர்மானமா வைக்கப் போறேன், மத்த ஊர்ல குழுவுல இருக்கற அம்மாக்களும் அவங்க கூட்டத்துல இதை எழுதி வாங்குங்க.

இப்படிக்கு,
மூணாவது படிக்கிற பொண்ணோட அம்மா,
விருதுநகர் மாவட்டம்.