மைக் செட் அண்ணன்மார்களுக்கு ஒரு பேஸ்காரனின் மடல்

சவுண்ட் சர்வீஸ் நடத்தும் அண்ணன்மார்களுக்கும், மிக்சர் முன்னால் உட்காரும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

திருநெல்வேலிப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார், அதாவது பாட்டின் அடி ஸ்வரங்களைப் போடும் கிட்டார், வாசிக்கிறவன் நான். கல்யாண வரவேற்பு, கோயில் கொடை, கல்லூரி விழா, எங்கே கூப்பிட்டாலும் போவேன். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில், பாதி நேரம் பூ அலங்காரத்துக்குப் பின்னால் நிற்கிற ஆள். என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கேட்டிருக்கவும் மாட்டீர்கள், அதற்குத்தான் இந்த மடல்.

போன தை மாதம் ஒரு வரவேற்பு. மூன்று மணி நேரம் வாசித்து முடித்து, ஒயரைச் சுற்றிக்கொண்டே மிக்சர் பக்கம் போனேன். மிக்சரில் என் கிட்டாருக்கு ஒதுக்கிய சேனலில், சத்தத்தை அடைக்கும் மியூட் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. "சவுண்ட் செக்ல டம்முனு ஒண்ணு வந்துச்சுண்ணே, அதான் அமுக்கினேன்" என்றார் தம்பி. அமுக்கினவர் எடுக்க மறந்துவிட்டார். அவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்த என் ஆம்ப்புக்கும் (ஆம்ப்ளிஃபையருக்கும்), முன்னால் கட்டியிருந்த ஒரு வாழைமரத்துக்கும் வாசித்திருக்கிறேன்.

தம்பி மேல் கோபமில்லை. அந்த 'டம்' என் கைவேலைதான். சேனல் திறந்திருக்கும்போதே கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டேன். அந்த வாரமே ஸ்ருதி பார்க்கும் டியூனர் பெடல் ஒன்று வாங்கினேன். ஒரு மிதி மிதித்தால் லைன் அடங்கிவிடும், பிறகு கிட்டாரிலிருந்து ஒயரைப் பிடுங்கினாலும் உங்கள் ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை. எனக்கு உறுத்தியது வேறு. மூன்று மணி நேரம் பேஸ் இல்லை, கூட்டத்தில் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கீபோர்டின் இடது கையிலேயே பேஸ் வந்துவிடுகிறதே, இந்த ஆளுக்குத் தனிச் சம்பளம் எதற்கு என்று குழு நடத்துகிறவர் யோசிக்க ஆரம்பிப்பது இப்படித்தான்.

முன்பெல்லாம் கூட்டத்துக்குப் பேஸைக் கேட்கவைத்தது ஆம்ப்தான். 1969இல் ஆம்பெக் கம்பெனி எஸ்விடி என்று ஓர் ஆம்ப் கொண்டுவந்தது. 300 வாட், முழுக்க வால்வு, பெட்டியில் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு. தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்தக் காலத்து மைக் செட்டில் பாடகர் குரல் வந்தாலே பெரிய விஷயம். பேஸைக் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது வாசிக்கிறவனின் வேலையாக இருந்தது. இன்று அந்த வேலை உங்கள் கைக்கு வந்துவிட்டது. உங்களிடம் பதினெட்டு அங்குலப் பெட்டிகள் இருக்கின்றன. அதை நம்பித்தான் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்த என் 30 கிலோ காம்போவை விற்றேன். இப்போது என்னிடம் இருப்பது கிளாஸ் டி ஆம்ப், எடை 2 கிலோ சொச்சம். கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி எஸ்எம்பிஎஸ் என்ற லேசான பவர் சப்ளை உள்ளே இருப்பதால் இரும்புக் கட்டி மாதிரியான அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. கூட ஒரு பன்னிரண்டு அங்குலப் பெட்டி, நியோடிமியம் காந்தம் என்பதால் ஒரு கையால் தூக்கலாம். தூத்துக்குடி பஸ்ஸில் கண்டக்டர் முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொள்கிறார். ஆனால் இந்தப் பெட்டி எனக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்பதற்குத்தான். கூட்டத்துக்கு நீங்கள்தான்.

ஐந்து கம்பி கிட்டாரோடு வருவதைப் பார்த்து, நாலு போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1951இல் லியோ ஃபெண்டர் செய்த பிரிசிஷன் பேஸுக்கு நாலு கம்பிதான், உலகத்துக்கு அதுவே போதுமாக இருந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனி ரெக்கார்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அறுபதுகளின் ஆரம்பத்தில் வந்த ஒரு பிரிசிஷனை வைத்துக்கொண்டு, கம்பி அறுந்தாலொழிய மாற்றாமல், பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராக ஸ்டுடியோ மிக்சரில் சொருகியே ஏராளமான பாட்டுகளை முடித்தார். ஆனால் அவருக்கு நம் ஊர்ப் பாடகர்கள் கிடையாது. மேடை ஏறும் நிமிடத்தில் "தொண்டை கட்டிருச்சு, ஒரு கட்டை இறக்கிக்குங்க" என்பார்கள். நாலு கம்பியின் அடிக்கம்பி 'ஈ', 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. பாட்டு 'டி'க்கு இறங்கினால் அந்த அடி ஸ்வரம் என்னிடம் இருக்காது. ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசித்தால் பாட்டின் இடுப்பு ஒடிந்த மாதிரி இருக்கும். ஐந்தாவது கம்பி 'பி', 31 ஹெர்ட்ஸ் வரை போகும். யார் எவ்வளவு இறக்கினாலும் எனக்குத் தரை உண்டு.

இதைச் சொன்னதும் சில தம்பிமார் அடிச்சத்தத்தைக் கூட்டும் 'லோ' குமிழை வலது பக்கம் முழுக்கத் திருகிவிடுகிறார்கள். அங்கேதான் கெடுகிறது. அந்த 31, 41 எல்லாம் மண்டபத்தில் கிடுகிடுப்பாகத்தான் வரும், ஸ்வரமாக வராது. 'ஈ' கம்பியைத் தட்டினால் 41ஓடு 82ம் 123ம் சேர்ந்தே வருகின்றன. மேலே உள்ளவை தெளிவாகக் கேட்டால் கீழே உள்ளதைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். சின்ன செல்போன் ஸ்பீக்கரிலும் பேஸ் என்ன வாசிக்கிறது என்று புரிவது அதனால்தான். ஆகவே 40க்குக் கீழே வெட்டிவிடுங்கள். 200, 250 பக்கம் கொஞ்சம் குறையுங்கள், மண்டபத்தின் கொழகொழப்பு அங்கே இருக்கிறது. 700, 800ஐ மட்டும் தொடாதீர்கள். என் விரல் எந்த ஸ்வரத்தில் இருக்கிறது என்று சொல்வது அந்த இடம். இளையராஜா பாட்டில் பேஸ் தனியாக இன்னொரு பாட்டு பாடிக்கொண்டு போகும். சசிதரன் வாசித்த அந்த லைன்களை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கேட்டுப் படித்தது, மேடையில் 'தும் தும்' என்று மட்டும் கேட்பதற்கா?

இனி கரண்ட். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

கொடை மேடைகளில் பிளக்கே இல்லாமல் இரண்டு ஒயர் முனையைச் சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஓட்டை, அந்தப் பெரிய ஓட்டை, சும்மா இருக்கும். என் கிட்டாரின் கம்பிகள், அவற்றைத் தாங்கும் உலோகப் பாலம் வழியாக ஒயரின் வெளிச்சுற்றோடு சேர்ந்தவை. அது ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தது. பாடகர் மைக் உங்கள் மிக்சரின் எர்த்தில் இருக்கிறது. ஒரு பக்கம் எர்த் இல்லை, அங்கே கசிவும் இருக்கிறது என்றால், நான் கம்பியைப் பிடித்தபடி கோரஸ் பாட மைக் பக்கம் போகும்போது நடுவில் இருக்கிற ஒயர் என் உதடுதான். ஒரு முறை சுருக்கென்று இழுத்தது, கண்ணில் மின்னல். அன்றிலிருந்து சாக்கெட் டெஸ்டர் ஒன்று பையில் வைத்திருக்கிறேன். சொருகிப் பார்ப்பதை யாரும் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து, எர்த்தோடு லைன் இழுத்துக் கொடுங்கள்.

உயிர் போகாத இன்னொரு தொல்லையும் உண்டு. கரண்டின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ். என் 'ஈ' கம்பியின் மூன்றாவது கட்டம் 'ஜி', அது 49. கிட்டத்தட்ட ஒரே இடம், ஆனால் ஒன்றாகச் சேராது. 'ஜி'யில் பாட்டு வந்தால் இரைச்சலும் நானும் ஸ்ருதி சேராத இரண்டு பேர் மாதிரி உறுமிக்கொண்டே இருப்போம். அதற்கு எர்த்தைப் பிடுங்கி வைத்தியம் பார்க்காதீர்கள், அது மேலே சொன்ன வினைக்கு வழி. கிட்டார் சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் என் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, சிக்னல் ஒயரில் மட்டும் எர்த் தொடர்பை வெட்டும். அதைத் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். டிஐ பாக்ஸ் உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நானே கொண்டுவருகிறேன். அதிலிருந்து மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் ஒயர் மட்டும் நல்லதாக ஒன்று கொடுங்கள். டேப் சுற்றிய அந்த நீல ஒயர் வேண்டாம், அதை எனக்குத் தெரியும்.

பேட்டரிக்கும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். என் கிட்டாரில் உள்ளே 9 வோல்ட் பேட்டரி, ஒயர் சொருகியிருந்தாலே தீரும். ஒத்திகை முடிந்து பிடுங்க மறந்து தூங்கினால் மறுநாள் மேடையில் கரகரவென்று ஆரம்பிக்கும். அதனால்தான் பேட்டரி இல்லாமலும் ஓடுகிற பேஸிவ் சுவிட்ச் உள்ள கிட்டாராகப் பார்த்து வாங்கினேன்.

கடைசியாக ஒன்று. என் பெட்டியைப் பலகை மேடையில் நேராக வைத்தால் மேடையே ஒரு பெரிய மத்தளமாகிவிடும், சத்தமும் என் முழங்காலோடு நின்றுவிடும். முழங்காலுக்குக் காது இல்லை. போன கொடையில் பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்தேன். மூன்றாவது பாட்டில் நாற்காலி அதிர்ந்து அதிர்ந்து நடக்க ஆரம்பித்து, தபேலாக்காரர் ஒரு காலால் அதைத் தடுத்துக்கொண்டே வாசித்தார். உங்கள் லாரியில் ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் மரப்பெட்டி கிடக்குமே, அதில் ஒன்று போதும்.

ஆடிக் கொடை சீசன் வருகிறது. நான் நாலு மணிக்கே வந்துவிடுவேன். மைக் டெஸ்ட் முடிந்ததும் ஐந்து நிமிடம் கொடுங்கள், ஐந்து கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டுகிறேன். அப்புறம் அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பூ அலங்காரத்துக்குப் பின்னால் நிற்கிறவன்