பின்பக்கக் கேரியர் வாங்குவதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

லீவு நெருங்கினாலே கடையில் அதிகம் கேட்கிற கேள்வி, "தாருக்கு எவ்வளவு பெரிய கேரியர் மாட்டலாம்?" என்பதுதான். தார் என்பது மஹிந்திராவின் ஜீப் வகை வண்டி; கேரியர் என்பது சாமான் ஏற்ற வண்டியின் பின்னால் மாட்டும் கூடையோ தட்டோ. அதே வகை வண்டிகளான ஜிம்னி, கூர்க்கா வைத்திருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். கூடையின் நீள அகலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரியவேண்டியவை இரண்டு: எத்தனை கிலோ, அது பின் ஆக்சிலிலிருந்து, அதாவது பின் சக்கரங்களின் அச்சிலிருந்து, எவ்வளவு தள்ளி நிற்கப்போகிறது.

மூன்று கதவுத் தாரில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 2450 மி.மீ. ஸ்டெப்னிக்கும் பின்னால், அதாவது பின் ஆக்சிலிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, கேரியரும் சாமானுமாக 75 கிலோ தொங்குகிறது என்று வையுங்கள். பின் சக்கரங்களில் கூடுவது 75 கிலோ இல்லை, ஏறக்குறைய 112 கிலோ. அந்த 37 கிலோ முன் சக்கரங்களிலிருந்து கழிந்து பின்னால் வந்தது. கிணற்று ஏற்றத்தில் துலாவின் ஒரு முனையை மிதித்தால் மறுமுனை எழும்புமே, அதே கணக்கு. மலை ஏறும்போது ஏற்கெனவே முன்பக்கம் லேசாகும். இதுவும் சேர்ந்தால் ஈரமான வளைவில் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும்.

அடுத்தது மொத்த எடை. ஐந்து கதவு ஜிம்னியின் காலி எடை ஏறக்குறைய 1200 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1545 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்று நான்கு பேர் உட்கார்ந்தால் மிச்சம் 65. 25 கிலோ இரும்புக் கூடையை மாட்டியதும் அது 40 ஆகிவிடும். டென்ட், அடுப்பு, தண்ணீர், துணிப்பை எல்லாம் அந்த நாற்பதுக்குள் அடங்கவேண்டும். கூடை 25 கிலோ வருமா என்று சந்தேகப்படுகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25×25 சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ. நான்கடி அகலக் கூடைக்கு 12 மீட்டர் குழாயாவது பிடிக்கும். ஹிட்சுக்குள், அதாவது கூடையைத் தாங்க வண்டியின் அடியில் பின்புறம் மாட்டும் இணைப்புக்குள், நுழையும் 50×50 தண்டு, 5 மி.மீ. கனம், மீட்டருக்கு 7 கிலோ.

இனி வகைகள். ஸ்டெப்னியின் மேல் மாட்டும் தட்டு, பின்கதவில் மாட்டும் ஏணி, கேன் ஸ்டாண்டு எல்லாம் கதவுக் கீல்களை நம்பித்தான் நிற்கின்றன. கீல் ஏற்கெனவே ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டிருக்கிறது. பெரிய டயர் போட்டிருந்தால் இன்னும் அதிகம். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும் அந்த ஒரு நொடியில், தொங்கும் 20 கிலோ அறுபது கிலோவாக இழுக்கும். கீல் தேய்மானத்தை நீங்களே பார்க்கலாம். பின்கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் ஓரத்தை இரண்டு கையாலும் மேலே தூக்குங்கள். கதவு அசையாமல் வண்டியே சேர்ந்து எழும்ப முயன்றால் கீல் நன்றாக இருக்கிறது. 'டொக்' என்று சத்தம் வந்து கதவு மட்டும் இரண்டு மி.மீ. ஏறி இறங்கினால் கீலுக்குள் இருக்கும் புஷ் (தேயும் வளையம்) போய்விட்டது. பூட்டுக் கொக்கியின் கீழ்ப்பகுதியில் பெயின்ட் உரிந்து பளபளப்பதும், கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருப்பதும் அதே நோயின் அறிகுறிகள். இப்படிப்பட்ட வண்டிக்கு நாங்கள் கதவுக் கேரியர் மாட்டித் தருவதில்லை. நல்ல கீல் உள்ள வண்டிக்கும் மடக்கு நாற்காலி, தார்ப்பாய், விறகு என்று பத்துக் கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறோம்.

அதற்கு மேல் எடை இருந்தால் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டு மாட்டும் ஹிட்ச்தான் சரி. தண்டு நுழையும் ரிசீவர் குழாய் இரண்டு அங்குலமும், தண்டைப் பூட்டும் ஊசி 16 மி.மீ.யும் உள்ளதாகப் பாருங்கள். ஒன்றேகால் அங்குல ரிசீவர் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போதும். கரடுமுரடான பாதையில் கூடையைத் தாங்க அதை நம்பவேண்டாம். கூடையில் 100 கிலோ என்று எழுதியிருந்தால் அது தார்ச்சாலைக் கணக்கு என்று எடுத்துக்கொண்டு, காட்டுப்பாதைக்குப் பாதியாகக் குறையுங்கள். ஹிட்சுக்கும் தனியே ஒரு தாங்குதிறன் உண்டு. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. தண்டுக்கும் ரிசீவருக்கும் நடுவே உள்ள ஒரு மி.மீ. இடைவெளி, ஒரு மீட்டர் தள்ளி உள்ள கூடை முனையில் பெரிய ஆட்டமாகத் தெரியும். அந்த ஆட்டம்தான் நாளடைவில் வெல்டிங்கைப் பிளக்கிறது. ஆகவே தண்டை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் யூ-போல்ட் கிளாம்பும் சேர்த்தே வாங்குங்கள்.

இந்த வண்டிகளில் பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால், சாமான் ஏற்றிய கூடை கதவை மறித்துக்கொள்ளும். கூடையோடு விலகித் திறக்கும் கை உள்ள மாடல் கிடைக்கும். ஆனால் அது எடையையும் ஆட்டத்தையும் கூட்டும். வழியில் எடுக்கவேண்டிய பொருட்களை முன் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு, சாதாரணக் கூடையே போதும் என்று இருப்பவர்களுக்குத் தொந்தரவு குறைவு.

தாரின் பின்புறக் கோணம், அதாவது மேட்டிலிருந்து இறங்கும்போது பின்பக்கம் தரையில் இடிக்காத கோணம், 36 டிகிரிக்குச் சற்று மேல். கூடையின் கடைசி விளிம்பு ஆக்சிலிலிருந்து 1.4 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் அது 24 டிகிரியாகச் சுருங்கும். மேல்நோக்கி வளைந்த தண்டு போட்டு 75 செ.மீ.க்கு உயர்த்தினால் 30 கிடைக்கும். ஓடைக் கரையில் கூடை இடித்தால் அடி நேரே சேசிஸுக்குத்தான் போகும். அதனால் வளைந்த தண்டுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீணில்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் போகிறவர்கள் இதையும் நினைவில் வையுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது பின் பம்பர் முனை வெளிப்பக்கம் மூன்று விரல் வீசும். வண்டி அகலத்துக்கே உள்ள கூடை பின் ஆக்சிலிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை நீண்டிருந்தால் அதன் முனை ஒரு சாண் வீசும். தடுப்புச் சுவரில் உரசுவது பெரும்பாலும் இப்படித்தான். கூடை வண்டியைவிட இருபக்கமும் ஒரு சாண் குறுகலாக இருக்கட்டும்.

டெயில் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதுவும் மறையக்கூடாது. சாமான் ஏற்றிய பிறகு பத்தடி பின்னால் நின்று பாருங்கள். காலிக் கூடையில் தெரிவது சாமான் ஏறியதும் தெரியாமல் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டி தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து மாறுவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பக்க புல் பார்களுக்கு (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புச் சட்டங்களுக்கு) எதிராக மாநிலங்களுக்கு எழுதியபோது சுட்டிக்காட்டியதும் இந்தப் பிரிவைத்தான். சேசிஸில் நாங்கள் வெல்டிங் வைக்காததற்கு இது ஒரு காரணம். வெல்டிங் சூட்டில் சேசிஸ் இரும்பு பலம் இழப்பது இன்னொன்று. பயணம் முடிந்ததும் கூடையைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

போல்ட்டின் பலம் 8.8 கிரேடுக்குக் குறையவேண்டாம். எம்12 (12 மி.மீ. தடிமன்) என்றால், முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் 80 நியூட்டன் மீட்டர். முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை மறுபடி முறுக்கிப் பாருங்கள்; பவுடர் கோட்டிங் நசுங்கி போல்ட் தளர்வது வழக்கம். குழாயின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நின்ற மழைநீர் வெளியே தெரியாமல் அரிக்கும். கடலோர ஊர்களில் இது இன்னும் வேகம்.

கட்டுவதற்கு, கைப்பிடியால் இழுத்து இறுக்கும் 25 மி.மீ. ராட்செட் பெல்ட் நான்கு. கொக்கி வைத்த ரப்பர் கயிறு மேலே வலை இழுக்க மட்டும். கனமானதைக் கூடையின் முன்பக்கம், வண்டியை ஒட்டி வையுங்கள். அதைவிட நல்லது, கனமானதை வண்டிக்குள்ளே வைத்துவிட்டு, இடத்தை அடைக்கும் லேசான சாமானைக் கூடைக்கு அனுப்புவது. புகைக்குழாய் வாய்க்கு நேரே பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், உருகிவிடும். பெட்ரோல் கேனும் கேஸ் சிலிண்டரும் பின்னால் கூடவே கூடாது: பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் முதலில் நசுங்குவது அவைதான். சேற்றில் மாட்டினால் கூடையிலோ ஹிட்ச் உருண்டையிலோ (டிரெய்லர் கோக்கும் இரும்பு உருண்டை) கயிறு போட்டு இழுக்கவும் கூடாது. உருண்டை பிய்த்துக்கொண்டு பறந்தால் உயிரை எடுத்துவிடும். கூடையைக் கழற்றிவிட்டு, வண்டியின் இழுவைக் கொக்கியில் போடுங்கள்.

அளவெடுக்க வரும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை மி.மீ.யில் குறித்து வாருங்கள். முதலில் காலியாக, பிறகு வழக்கமாக ஏறும் ஆட்களோடு. ஏற்றப்போகும் சாமானை வீட்டுத் தராசில் நிறுத்து எழுதிய சீட்டும் வேண்டும். டயர் சைஸ் மாற்றியிருந்தால் அதையும் அதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து